அரசுப் பள்ளிச் சாப்பாடு எல்லோருக்கும் வேண்டுமா, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் பணமாகக் கொடுத்துவிடலாமா?

வசதியில்லாத குடும்பங்களை மட்டும் கண்டறிந்து, பள்ளியில் சமைத்துப் போட ஆகும் செலவை அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிட்டால் என்ன, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அரசு ஏன் சோறு போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல்லடத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்து, நாள்தோறும் மற்றவர்களின் வருமானத்தைக் கணினியில் ஏற்றிப் பிழைப்பவன் நான். ‘வசதியில்லாத குடும்பங்களை மட்டும் கண்டறிந்து’ என்று நீங்கள் அரை வரியில் கடந்துபோன இடத்தில்தான் எனக்குக் கால் தடுக்குகிறது.

வருமானச் சான்று எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். தறிக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவர் குடும்ப அட்டை, ஆதார், புகைப்படம் ஆகியவற்றுடன் வருகிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. சனிக்கிழமை வாரக் கூலியை, வாங்கிய அட்வான்ஸுக்குப் பிடித்தது போக, கையில் வாங்குவார். நூல் விலை ஏறினாலும், தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூல் வராமல் போனாலும் தறி நிற்கும், தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதால், ஆண்டு வருமானம் எவ்வளவு என்று நான் கேட்கும்போது அவர் என்னையே திருப்பிக் கேட்பார்: “எவ்வளவுன்னு போட்டாச் சரியா வருமுங்க?” பல ஆண்டுகளாக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022-இல் அது 1,20,000 ஆக உயர்ந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பலருடைய வாயில் இன்னமும் அந்த 72,000 தான் வருகிறது. 60 ரூபாய் கட்டணம் செலுத்தி, கைப்பேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்லி முடித்தபின், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று கைகள் மாறுகிறது. அந்த மூவருக்கும் அவர் வீட்டு அடுப்பில் நேற்று என்ன வெந்தது என்று தெரிவதற்கு வழியில்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது இதை இன்னும் கிட்டத்தில் பார்த்தேன். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் இருந்தன. சொந்தக் கார், டிராக்டர் வைத்திருப்போர் விலக்கப்பட்டனர். தாளில் படித்தால் குறை சொல்ல முடியாத வரம்புகள்தான். ஆனால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் இருக்கும் வீட்டில், ஓவர்லாக் மெஷின் ஒன்றும் ஓடும்போது, 3,600 யூனிட் என்பது ஆடி மாதத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அப்படி நிராகரிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு நான்தான் மேல்முறையீடு பதிந்து கொடுத்தேன். பணம் வரத் தொடங்க மாதங்கள் ஆயின, அதுவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து, “ஏனுங்க, வந்திருக்குதுங்களா?” என்று வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார். அதே தெருவில், தறிகளைத் தம்பி பெயரில் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு முதல் மாதமே வந்துவிட்டது. பெரியவர்களின் ஆயிரம் ரூபாயில் இந்தத் தாமதத்தையும் தவறையும் பொறுத்துக்கொள்ளலாம். இதே சல்லடையைச் சத்துணவுக் கூடத்தின் வாசலில் மாட்டினால், மேல்முறையீடு முடியும்வரை அந்தக் குழந்தை மதியம் எங்கே உட்காரும்?

இது எனக்கு வெறும் வாதம் இல்லை என்பதால் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலமும் வெள்வேல மரமுமாகக் கிடக்கும் ஒரு மேட்டாங்காட்டு ஊர் எங்களுடையது. 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது நான் நான்காம் வகுப்பு. ஏழு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்ததால் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பண்ணையக்காரர் வீடு என்று பெயர். அந்த ஆண்டு மழை பொய்த்து, விதைத்த கம்பும் சோளமும் மண்ணுக்குள்ளேயே மடிந்து, மாடுகளில் ஒரு சோடியைக் கண்ணபுரம் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்ட நிலையிலும் அந்தப் பெயர் மட்டும் குறையாமல் இருந்தது. அப்பாவின் தாயாரான என் ஆத்தா, வட்டல், அதாவது சாப்பாட்டுத் தட்டு, கொடுத்தனுப்ப மறுத்துவிட்டார். “நாலு பேருக்குப் படியளந்த ஊடு சாமி, நீ போயி வட்டல ஏந்திக்கிட்டு நிக்கறதா?” என்பதுதான் அவர் கேட்டது.

மதிய மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவார்கள். நான் வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, கிணற்று மேடு வரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். இரண்டு வாரம் இதைக் கவனித்த சத்துணவு ஆயா, ஒருநாள் குண்டாவின் மூடியையே தட்டாக்கிச் சோறு போட்டு, ஒன்றும் கேட்காமல் என்னை வரிசையின் நடுவில் உட்காரவைத்தார். பருப்பு சரியாக வெந்திருக்கவில்லை. கத்தரிக்காய்த் துண்டு இரண்டு கிடந்தது. மூடி வளைந்திருந்ததால் சாம்பார் ஒரு பக்கமாகவே ஓடியது. என்னை உட்காரவைக்க அந்த அம்மா யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வருமானம் பார்த்து எழுதிய பட்டியல் ஒன்று இருந்திருந்தால் அதில் ஏழு ஏக்கர் நிலமுள்ள வீட்டின் பெயர் வந்திருக்காது. தப்பித் தவறி வந்திருந்தால், ஆத்தா நேரே பள்ளிக்கு வந்து அதை அடிக்கச் சொல்லியிருப்பார். விஷயம் சில நாட்களில் அவருக்கும் எட்டியது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை என் பைக்கட்டுக்குள் வட்டல் இருந்தது.

ஆத்தாவின் மறுப்பில் மானம் பாதிதான். மறுபாதி, சமைப்பது யார் என்பது. இதை விட்டுவிட்டு எழுதினால் கொங்கு நாட்டைப் பற்றி எழுதியதாக ஆகாது. 2018-இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் திரண்டு நின்றதும், அவர் இடம் மாற்றப்பட்டதும், எதிர்ப்பு எழுந்தபின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதும் எல்லோரும் படித்த செய்திகள். 2023-இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் காலை உணவுக்கும் அதே தகராறு வந்து, மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. சமைத்துப் போடுவதை நிறுத்திப் பணமாகக் கொடுத்தால் இந்தத் தகராறே வராது என்று என்னிடம் ஒருவர் சொன்னார். வராதுதான், ஏனென்றால் அந்த வரிசையும் இருக்காது. என்னோடு அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டுத் திண்ணையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை, அவர்களும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏன் என்ற பகுதிக்கு நீண்ட பதில் தேவையில்லை. எங்கள் ஊரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காலை ஏழரை மணிக்கே மஞ்சள் வேனில் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போய்விடுகிறது. அரசுப் பள்ளியின் வரிசையில் வந்து உட்காருவதே ஒரு வருமானச் சான்று. அதற்கு ஓடிபி தேவைப்படுவதில்லை. 1997-இல் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மத்திய அரசு பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. வேண்டாதவர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார் என்ற அதே கணக்குதான் இங்கேயும்.

‘இலவசம் கொடுத்துக் கொடுத்துத்தான் வேலைக்கு ஆள் வருவதில்லை’ என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் டீக்கடைதோறும் உண்டு. உழைத்து முன்னேறிய சீமை என்ற பெருமை எங்களுக்கு அதிகம், எனக்கும் உண்டு. ஆனால் இதைச் சொல்பவரின் தோட்டத்து மோட்டார் 1990-இலிருந்து இலவச மின்சாரத்தில் ஓடுகிறது, அதைக் கேட்டுப் போராடியதும் இந்தக் கோவைச் சீமை விவசாயிகள்தான். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசம் 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தபோது தறிக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஈரோடு, திருச்செங்கோடு, பள்ளிபாளையம் வட்டாரத் தறிகள் பல பொங்கலுக்கான இலவச வேட்டி சேலை ஆர்டரையும் பள்ளிச் சீருடைத் துணியையும் நம்பி ஓடுபவை. சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனதில் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் பங்கு உண்டு. பள்ளிக் குழந்தையின் தட்டுக்குப் போகும் பணத்தில் கணிசமான பகுதி இதே மாவட்டங்களுக்குத் திரும்பி வருகிறது என்பதை அந்த டீக்கடையில் சொன்னால் பேச்சு சட்டென்று கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரடங்கில் பள்ளிகளும் தறிகளும் ஒன்றாக மூடியபோது, 2020 ஏப்ரலில் கொடுத்த ஆயிரமும், 2021-இல் இரண்டு தவணையாகக் கொடுத்த நாலாயிரமும் இல்லாமல் எங்கள் தெருவில் பல வீடுகள் தாக்குப்பிடித்திருக்காது. வாடகை, மருந்து, கேஸ் சிலிண்டர் ஆகியவற்றுக்குச் சோறு உதவாது, பணம்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் வரும் பணத்துக்கு வாசலிலேயே ஆள் நிற்கிறது. உரிமைத் தொகை வரவான அன்று என் மையத்தில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் பெண்களில் சிலர், அதை முந்தானையில் முடிவதற்குள் குழு லோன் வசூலுக்கு வந்தவரின் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். கடனை அடைப்பது தவறான செலவு இல்லை. அடைக்காவிட்டால் தெருவில் நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சிக் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்கு வரக்காப்பி கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் தாயிடம், சாப்பாட்டுக்கான பணம் இது என்று தனியாகச் சொல்லி இன்னும் நானூறு ரூபாய் கொடுத்தாலும் அதே நோட்டுக்குத்தான் போகும். குழந்தையின் தட்டில் விழுந்த பொங்கலை எந்த வசூல்காரரும் கேட்க முடியாது.

இன்னொரு கூட்டத்தையும் நினைக்க வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கங்களிலிருந்து தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்த குடும்பங்களில் பலருக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இல்லை. அட்டை இல்லாமல் உரிமைத் தொகை இல்லை. பணமாக மாற்றும் நாளில் முதலில் விடுபடுபவர்கள் இவர்கள்தான். போன மாதம் ஆதார் முகவரி மாற்ற வந்த ஓர் ஒடியாப் பெண்ணுக்கு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் மொழிபெயர்த்தாள். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்க, சுத்தமான கொங்குத் தமிழில் “எங்க பள்ளிக்கூடத்துல இன்னைக்குக் கிச்சடிங்க, எனக்கு ரண்டாந்தடவையும் போட்டாங்க” என்றாள். அந்தக் கிச்சடிக்கு அவள் காட்டிய ஆவணம் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் ஒன்றுதான்.

குறைகளும் இருக்கின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. பதினோராம் வகுப்பில் அதுவும் இல்லை. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் வரை இரண்டும் இல்லை. ஏழைக் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுக்க அரசிடம் கூடுதல் நிதி இருக்கிறது என்றால், சமையலறையை மூடாமல், அந்தக் கோடை விடுமுறைக் காலத்துக்கு, அரசுப் பள்ளிப் பதிவேட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளின் வீட்டுக்கும் கொடுக்கட்டும் என்பேன். வருமானச் சான்று கேட்காமல் கொடுக்கட்டும். எனக்கு அதனால் அறுபது ரூபாய் விண்ணப்பங்கள் குறைந்தாலும் சரி.

அதைவிட அவசரம் ஆறாம் வகுப்புதான். என் மையத்துக்கு எதிரே உள்ள நடுநிலைப் பள்ளியில் காலை எட்டரை மணிக்குச் சின்னப் பிள்ளைகள் தட்டோடு உட்காரும்போது, போன வருடம் வரை அதே வரிசையில் இருந்தவர்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். தம்பி தங்கை சாப்பிட்டு முடிக்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. மிஞ்சியதை அவர்களுக்கும் போடும் சமையல் பெண்மணி ஒருவர் அங்கே இருக்கிறார். அது விதிப்படி சரியா என்று நான் விசாரிக்கவில்லை.