‘100% மனித முடி’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: அக்கா, எனக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தை மாதம் தம்பி கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பூ வைத்துப் பின்னல், ரிசப்ஷனுக்கு முடியை விரித்து விடலாம் என்று ஆசை. ஹேர் எக்ஸ்டென்ஷன் தேடினால் 3,000 ரூபாய்க்கும் இருக்கிறது, 18,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘100% மனித முடி’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். என் தோழி வாங்கியது நாலு தடவை அலசியதுமே சடை பிடித்துவிட்டது. எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் தோழி வாங்கியதும் அநேகமாக மனித முடிதான். ஆகவே அந்த ‘100%’ உங்களுக்கு உதவாது. அந்த முடி தலையை விட்டு எப்படிப் பிரிந்தது என்று கேளுங்கள். விலையும் ஆயுளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு முடியிழையின் மேலும், வேரிலிருந்து நுனியைப் பார்த்தபடி, மீன் செதில் போல நுண்ணிய அடுக்குகள் படிந்திருக்கும். இழைகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். பாதி இழைகள் தலைகீழாகக் கலந்துவிட்டால் செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் சடை விழுவது அதனால்தான்.

திருமலையிலும் பழனியிலும் மொட்டை போடும்போது நீளக் கூந்தலை முடிச்சுப் போட்டுக்கொண்டு மழிப்பார்கள். வேர்ப்பக்கம் கலையாது. கோயில் நிர்வாகம் ஏலம் விடும் அந்த முடியை வியாபாரிகள் நீளம் பார்த்துப் பிரித்து, திசை மாறாமல் தைப்பார்கள். ‘ரெமி’ என்று சொல்வது இப்படித் திசை மாறாத முடியைத்தான். சாயமோ ரசாயனமோ படாதது என்றால் ‘வெர்ஜின்’.

இன்னொன்று சிக்கு முடி. சீப்பில் வருவதைச் சுருட்டி வைத்து, தெருவில் வருபவரிடம் போட்டுப் பாத்திரம் வாங்குகிறோமே, அதுதான். அந்த உருண்டைகளை இழை இழையாகப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள். கண்ணும் கழுத்தும் வலிக்கிற வேலை அது. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எது வேர், எது நுனி என்பது அங்கே கலந்துபோகிறது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க அமிலத்தில் முக்கிச் செதிலையே நீக்கி, மேலே சிலிக்கோன் பூசிவிடுகிறார்கள். கடையில் தொட்டால் பட்டுப் போலவே இருக்கும், கோயில் முடியைவிடப் பளபளக்கும். சில அலசலில் பூச்சு போனதும் உங்கள் தோழிக்கு நடந்ததுதான் நடக்கும்.

அதனால் கடையில் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். நாலைந்து இடத்திலிருந்து ஒவ்வோர் இழை எடுத்து, வேரிலிருந்து நுனிக்கும் பிறகு நுனியிலிருந்து வேருக்கும் விரலால் உருவிப் பாருங்கள். திரும்பி வரும்போது லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வழுவழுப்பு என்றால் செதில் இல்லை, அல்லது பூச்சு மறைக்கிறது. முடிந்தால் ஒரே ஒரு கிளிப் துண்டு மட்டும் முதலில் வாங்கி, ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசி, கண்டிஷனர், சீரம் எதுவும் தடவாமல் காயவிட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். கொளுத்திக் காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். இறகு கருகும் நாற்றம் வந்து பொடியாக உதிர்ந்தால் மனித முடி, உருகி உருண்டையானால் செயற்கை. அதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. சிக்கு முடியும் அப்படியேதான் கருகும்.

‘10ஏ’, ‘12ஏ’ என்ற கிரேடுகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. விற்பவர் வைப்பதுதான் கிரேடு. ‘பிரேசிலியன்’, ‘பெருவியன்’ என்பவையும் பெரும்பாலும் அலையின் பாணிக்கு வைத்த வியாபாரப் பெயர்கள்.

எடையை மட்டும் விடாமல் கேளுங்கள். அதே 100 கிராமில் நீளம் கூடக் கூட இழைகளின் எண்ணிக்கை குறையும். 24 அங்குலத்தில் கீழே வெறிச்சென்று தெரியும். ‘டபுள் டிரான்’ என்றால் குட்டை இழைகளைப் பொறுக்கி நீக்கியது, நுனி வரை அடர்த்தி இருக்கும். ‘சிங்கிள் டிரான்’ நுனியில் மெலியும், விலையும் குறைவு. முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். 24 அங்குலம் என்பது ஒருவர் தலையில் நான்கு வருஷம். நீளத்துக்கு விலை ஏறுவதில் நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் தலைக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பிறகு இப்படிக் கொட்டுவது சகஜம். பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்துவிடும். வட்ட வட்டமாகச் சொட்டை தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். இந்த நிலையில் பசை, டேப், கெரட்டின் வைத்து ஒட்டுவது எதுவும் வேண்டவே வேண்டாம். இருக்கிற முடியையும் வேரோடு இழுக்கும். கிளிப் வகை போதும், தூங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

முகூர்த்தப் பின்னலுக்கு எக்ஸ்டென்ஷனே தேவையில்லை. நல்ல சவுரியும் குஞ்சலமும் வாங்கிக்கொள்ளுங்கள், பூவுக்குள் எல்லாம் மறைந்துவிடும். பணத்தை ரிசப்ஷனுக்கு வையுங்கள்: 16 அல்லது 18 அங்குலம், ரெமி, எடை 120 கிராமுக்குக் குறையாமல். கடைக்குப் பகலில் போய், வாசல் வெளிச்சத்தில் உங்கள் நுனி முடியோடு நிறத்தை ஒப்பிட்டு எடுங்கள்.