தேர்வறையில் நெஞ்சு படபடத்தால் விமானி ஆக முடியாதா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன், வயது 22. பயிற்சி விமானித் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தேர்வு என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்த்து நெஞ்சு படபடக்கும். விரலிலும் மார்பிலும் உணரிகளைப் பொருத்தி மன அழுத்தத்தை அளப்பார்கள் என்கிறார்கள். அதிலேயே தோற்றுவிடுவேனோ?

பதில்: படபடப்பு மட்டுமே உங்களைத் தோற்கடிக்காது. முதலில், விமானிக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேறு, நீங்கள் கேட்கும் சோதனை வேறு. சான்றிதழுக்குக் கண், காது, இரத்த அழுத்தம், இசிஜி போன்றவற்றைப் பார்ப்பார்கள். மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுவது வழக்கம் என்பதால், சற்று ஓய்வெடுக்கச் சொல்லி மீண்டும் அளப்பார்கள். உணரி வைத்து நடத்தும் உளவியல்-உடலியல் சோதனை எல்லாத் தேர்விலும் இருப்பதில்லை.

இருந்தால், முதலில் சில நிமிடங்கள் சும்மா உட்கார வைத்து உங்கள் இயல்பு நிலையைப் பதிவு செய்வார்கள். அதன்பின் வரும் மாற்றத்தை அதனோடுதான் ஒப்பிடுவார்கள். பிறகு, திரையில் நழுவிக்கொண்டே இருக்கும் புள்ளியைக் கைப்பிடியால் நடுவில் நிறுத்தியபடியே, காதில் கேட்கும் எண்களில் ஒற்றைப்படை வரும்போது மட்டும் பொத்தானை அழுத்துவது போன்ற இரட்டை வேலை தரப்படும். வியர்வை கூடும்போது தோலின் மின்கடத்தும் திறன் 1 முதல் 3 விநாடிக்குள் உயரும். ஆனால் அது பயத்தையும் ஆர்வத்தையும் பிரித்துக் காட்டாது. இதயத் துடிப்பு இன்னும் நுட்பமான செய்தி தருகிறது: ஓய்வில் மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைந்து, விடும்போது தளரும்; மனச்சுமை ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் குறையும். இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தாலும், ஒருவர் முழு பலத்தையும் செலவழித்திருக்கலாம், மற்றவரிடம் இன்னொரு அபாய ஒலியைக் கவனிக்கும் அளவுக்கு மிச்சமிருக்கலாம். அந்த மிச்சத்தையும், வேலை முடிந்ததும் உடல் எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதையுமே நான் முக்கியமாகக் கருதுவேன்.

இன்றிலிருந்தே, 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடும் பயிற்சியைத் தினமும் 10 நிமிடம் செய்யுங்கள். தேர்வன்று காலையில்தான் தொடங்கினால் பலன் குறைவு. முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். தேர்வுக்கு முன் தே தாரிக் (பால் தேநீர்), கோப்பி வேண்டாம். துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையை நண்பர் கொடுத்தாலும் விழுங்காதீர்கள். அது படபடப்பை மறைக்கும், தடுமாறும் கவனத்தைச் சீராக்காது. தேர்வு இல்லாத நாட்களிலும் திடீர் பீதியோ மயக்கமோ வந்தால், விண்ணப்பத்துக்கு அஞ்சி மறைக்காமல், விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.