கேட் தேர்வு: வேலை, வீடு, கல்லூரிக்கு நடுவே தினமும் எப்படிப் படிப்பது?

ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளில் சேருவதற்கான கேட் (CAT) தேர்வைப் பற்றி வந்த கேள்விகளில், தினசரி நேரத்தைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். புதிதாக வருபவர்களுக்காகத் தேர்வின் அமைப்பு: வெர்பல் (ஆங்கிலம்), டிஐஎல்ஆர் (தரவு அலசலும் தர்க்கமும்), குவான்ட் (கணக்கு) என்று 3 பகுதிகள், தலா 40 நிமிடம். 40 நிமிடம் முடியும்வரை அடுத்த பகுதிக்குப் போக முடியாது, போன பிறகு திரும்பி வரவும் முடியாது. 2024 தேர்வில் 24, 22, 22 என்று மொத்தம் 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். ஆப்ஷன் உள்ள கேள்வியில் தப்பானால் 1 போகும். விடையை டைப் செய்யும் கேள்விகளில் கழிப்பு கிடையாது.

கேள்வி: அக்கா, சென்னையில் ஐ.டி. வேலை. வீட்டுக்கு வரவே எட்டரை ஆகிடுது. தினமும் 4 மணி நேரம் படிக்கணும்னு சொல்றாங்க. எனக்கு எப்படி முடியும்?

வார நாளில் 4 மணி நேரம் உங்களால் முடியாது, தேவையும் இல்லை. தேர்வே 40 நிமிடக் கட்டங்களாக இருக்கிறது, உங்கள் நாளையும் அப்படியே வெட்டிக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் டைமர் வைத்து ஒரே பகுதியை 40 நிமிடம் போடுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். அடுத்த 40 நிமிடம் அதே கேள்விகளைத் திரும்பப் பார்ப்பதற்கு. விட்டதை டைமர் இல்லாமல் போட்டுப் பாருங்கள், சரியாகப் போட்டதிலும் இன்னும் குறுக்கு வழி இருந்ததா என்று பாருங்கள். நிறையப் பேர் இந்த இரண்டாவது 40 நிமிடத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள். நேரம் இல்லாத நாளில் முதல் கட்டத்தைப் பாதியாக்குங்கள், திரும்பப் பார்ப்பதை விடாதீர்கள்.

ராத்திரி களைப்பாக இருக்கும்போது கணக்கு வேண்டாம். அரை மணி நேரம் ஆங்கிலக் கட்டுரை படித்தால் போதும். சனிக்கிழமை புதிய பாடம், ஞாயிறு காலை ஒரு முழு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு), சாயங்காலம் அதன் அலசல். வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு போடப் பார்க்காதீர்கள், அன்றைய பங்கை மட்டும் முடியுங்கள்.

கேள்வி: பி.காம். கடைசி வருஷம். பத்தாவதுக்கு அப்புறம் கணக்கைத் தொட்டதே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பத்தாவது கணக்குதான் குவான்ட்டின் பெரும்பகுதி. பயப்பட வேண்டாம். சதவீதம், விகிதம், சராசரி, லாப நஷ்டம், கலவை, நேரமும் வேலையும், வேகமும் தூரமும் என்ற வரிசையில் போங்கள். சதவீதமும் விகிதமும் கைக்கு வந்தால் மற்றவை பாதி வந்த மாதிரி. அப்புறம் இயற்கணிதம், கடைசியில் வடிவியல். ஒரு பாடத்துக்கு நாலைந்து நாள் கொடுங்கள், ஆனால் மூன்றாம் நாளிலிருந்து பழைய பாடங்களின் கேள்விகளையும் கலந்து போடுங்கள். தேர்வில் எந்தக் கேள்வி எந்தப் பாடம் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனாலும் 30 வரை வர்க்கங்களும் பின்னங்களின் சதவீதமும் மனப்பாடமாக இருக்கட்டும், அதில் மிச்சமாகும் நேரம் அதிகம்.

கேள்வி: பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படிச்சேன். ஆர்சி (படிச்சுட்டு விடை சொல்ற) பத்தியைப் படிச்சு முடிக்கும்போது ஆரம்பம் மறந்துடுது.

உங்கள் ஆங்கிலம் குறைவு என்று நினைக்காதீர்கள், நீண்ட கட்டுரையைத் தொடர்ந்து படிக்கும் பழக்கம்தான் குறைவு. வெர்பலில் 24 கேள்விகளில் 16 இந்தப் பத்திகளிலிருந்துதான் வருகின்றன, அதனால் இதில் நேரம் போடுவது வீணாகாது. தினமும் ஒரு நீண்ட கட்டுரை படியுங்கள். தத்துவம், பொருளாதாரம், உயிரியல், கலை வரலாறு என்று உங்களுக்குப் பிடிக்காத பொருளாகவே எடுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அதில் தப்பே இல்லை. புரிந்ததா என்பதற்கு அதைவிட நேர்மையான சோதனை கிடையாது. சில வாரங்களில் எழுதாமலே மனசில் அந்த வரி வந்துவிடும். வார்த்தைப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், நேரடியாகப் பொருள் கேட்கும் கேள்விகள் இப்போது வருவதில்லை.

கேள்வி: டிஐஎல்ஆரில் ஒரே செட்டில் (ஒரே தகவலை வெச்சு வர்ற சில கேள்விகள்) மாட்டிக்கிறேன், சார்ட்டை வெச்சு 25 நிமிஷம் போயிடுது.

இங்கே சோதிக்கப்படுவதில் பாதி, எந்த செட்டைத் தொடக்கூடாது என்று தெரிகிறதா என்பதுதான். நாலைந்து செட்டில் இரண்டு, மூன்றை முழுசாகச் சரியாக முடித்தாலே நல்ல பெர்சன்டைல் (எத்தனை சதவீதம் பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு) வரும். பழைய தாள் ஒன்றின் டிஐஎல்ஆர் பகுதியை எடுங்கள். முதல் 5 நிமிடம் பேனாவைத் தொடாமல் எல்லா செட்டையும் படித்து, எளிதிலிருந்து கடினம் வரை வரிசை எழுதுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உங்கள் வரிசை சரியா என்று பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை இதைச் செய்யுங்கள். மற்ற நாட்களில் இரண்டு செட் போதும். வராத செட்டுக்கு உடனே விடையைப் பார்க்க வேண்டாம், மறுநாள் புதிதாக ஒருமுறை முயன்ற பிறகு பாருங்கள்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கு. சேர்ந்தாப்ல 40 நிமிஷம் கிடைக்கவே கிடைக்காது.

15 நிமிடம் கிடைக்குமா? ஒரு டிஐஎல்ஆர் செட், அல்லது ஒரு ஆர்சி பத்தியும் அதன் 4 கேள்விகளும் அதில் அடங்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 2 மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரையாவது கேளுங்கள், அது மாக் டெஸ்டுக்கு. தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: ஜூலையிலிருந்து மாக் எழுதறேன் அண்ணி, மார்க் அசையவே இல்லை.

அடுத்த மாக்கைத் தள்ளிப்போடுங்கள். கடைசி மூன்று மாக்குகளின் தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் கை தவறியது, தொட்டிருக்கவே கூடாதது. எந்தக் கட்டம் பெரிதோ அதுதான் அடுத்த இரண்டு வாரத்தின் கால அட்டவணை. மூன்றாவது பெரிதாக இருந்தால் இன்னும் பாடம் படிப்பதால் பயன் இல்லை, கேள்வியை விடப் பழக வேண்டும்.

கேள்வி: 2019 தாள்களை டைமர் வெச்சுப் போடலாமா?

அப்போது தேர்வு 3 மணி நேரம், 100 கேள்விகள். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நவம்பரில் என்ன மாத்தணும்?

ஹால் டிக்கெட்டில் காலை, மதியம், மாலை என்று உங்கள் ஸ்லாட் தெரிந்ததும் எல்லா மாக்கையும் அதே நேரத்துக்கு நகர்த்துங்கள். மதிய ஸ்லாட் வந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய பாடம் எதுவும் எடுக்க வேண்டாம். கடைசி வாரத்தில் ஒன்றிரண்டு மாக் போதும். தமிழ்நாட்டின் எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட்டும் எழுதுபவர்கள் கேட் முடிந்து ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு அதன் பழைய தாள்களை எடுங்கள், குவான்ட் அடிப்படை இதிலிருந்தே வந்துவிடும்.