நெகிழ்வு எல்லா இடத்துக்கும் பொருந்தாது

வணக்கம். தோல்பொருள் பராமரிப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘சப்பிள்’ (supple) என்ற ஆங்கிலப் பெயரடை அடிக்கடி வருகிறது. எல்லா இடத்திலும் ‘நெகிழ்வான’ என்றே போட்டிருக்கிறேன். சரிதானா? ‘ஃப்ளெக்ஸிபிள்’ளும் இதுவும் ஒரே வேரா? அங்கீகரிக்கப்பட்ட கலைச்சொல் இருக்கிறதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு சொல்லுக்காக நின்று கேட்கிறீர்களே, அதற்கே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

ஒரே வேர் இல்லை. லத்தீனில் ‘சப்ளெக்ஸ்’ என்றால் பணிந்து இறைஞ்சுபவர். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சப்பிள்’ ஆனது. ‘ஃப்ளெக்ஸிபிள்’, வளைத்தலைக் குறிக்கும் ‘ஃப்ளெக்டெரே’யிலிருந்து பிறந்தது. வேர் இவ்வளவு போதும். இன்று சப்பிளான உடல் என்றால் அதில் பணிவு ஏதுமில்லை. கலைச்சொல் கேள்வியை விட்டுவிடுங்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் ‘நெகிழ்வான’ என்று போட்டது சோம்பல். அகராதியைப் பார்த்தீர்கள், தோலைத் தொட்டுப் பார்க்கவில்லை. நல்ல தோலை மடித்து விடுங்கள்: எதிர்ப்பில்லாமல் மடியும், விட்டதும் வெடிப்பில்லாமல் விரியும். அதுதான் சப்பிள். பதனிடும்போது ஏற்றிய எண்ணெய் தோலின் நார்களுக்கிடையே இருக்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். எண்ணெய் வற்றினால் நார்கள் ஒட்டிக்கொள்ளும். மடிக்கும்போது நகர இடமின்றி அறும். மடிப்பில் வெடிப்பு விழுவது அதனால்தான். காய்ச்சி ஆறவிட்ட செம்புக் கம்பியோ ‘பிளையபிள்’ (pliable): வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி ஒடியும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், படிப்பவர் எதைச் சோதித்துப் பார்ப்பார்?

நம்முடைய ‘நெகிழ்’ வளைவதைவிடத் தளர்வதைத்தான் அதிகம் சொல்கிறது. சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் கைவளை நெகிழும். இன்றும் மனம் நெகிழ்கிறது, பிடி நெகிழ்கிறது. ‘நெகிழ்வான தோல்’ என்றால் தொய்ந்த தோல் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆங்கிலம் பெயரடையில் அடக்குவதைத் தமிழ் வினையில் இயல்பாகச் சொல்லும். துவளும், குழையும், இளகும், ஒசியும் என்று எத்தனை வினைகள்! கொடி துவளும், பிசைந்த மண் குழையும், மெழுகு இளகும். இவற்றை விட்டுவிட்டு ஒரே பெயரடையைப் பக்கம் பக்கமாக ஒட்டாதீர்கள். ‘தோலை நெகிழ்வாக வைத்திருக்க எண்ணெய் பூசவும்’ என்பதை ‘மடித்தால் வெடிக்காமலிருக்க எண்ணெய் பூசவும்’ என்று மாற்றுங்கள். மூட்டுகளைப் பற்றி வந்தால் ‘தடையின்றி மடங்கும்’ என்று எழுதுங்கள். அறிவைப் பற்றி வந்தால் ‘சட்டென்று திரும்பும் அறிவு’ பொருந்தும்.