ஷிகேயும்தான் அழுதாள்

கேள்வி: எனக்கு வயது 41. தனியார் வங்கி ஒன்றில் வேலை. சண்டை, குத்துப்பாட்டு எல்லாம் எனக்கு ஒத்துவராது. மனிதர்களை நிதானமாகக் காட்டும் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். பார்த்ததும் மனதில் தோன்றியதை நோட்டில் எழுதிவைப்பேன். போன மாதம் ஓர் இரவு, ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்த்தேன். ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மா (வயது 71) ‘என்ன படம்டா?’ என்றார். ‘ஜப்பான் படம், உனக்குப் புரியாதும்மா’ என்றேன். அவர் படுக்கப் போய்விட்டார். படம் முடிந்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். அதில் வரும் மகள் ஷிகேயை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. என் மனைவியோ, ‘படத்துக்கு அழுவீங்க, வீட்ல இருக்கவங்களுக்கு என்னன்னு கேக்க மாட்டீங்க’ என்கிறாள். இப்படி அழுவது மென்மையான மனதின் அடையாளம்தானே? நல்ல சினிமாவின் அருமையை என் குடும்பத்துக்கு எப்படிப் புரியவைப்பது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். இடம் இல்லாததால் மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். நான்கு பக்கத்தில் உங்கள் அம்மா வருவது மூன்று வரி. நான் அந்த மூன்று வரியை விட்டு நகரப் போவதில்லை.

‘உனக்குப் புரியாதும்மா.’

எந்தப் படத்தை ஓடவிட்டுக்கொண்டு இதைச் சொன்னீர்கள்? ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான கணவனும் மனைவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். மூத்தவன் டாக்டர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரம் இல்லை. போருக்குப் போய்த் திரும்பாத இன்னொரு மகனின் மனைவி நோரிகோதான் ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் அந்த அம்மா தோமி இறந்துபோகிறார். அவருக்கு வயது 68.

இதில் 71 வயது அம்மாவுக்கு எது புரியாது? தாத்தா பாட்டி தங்குவதற்காகத் தன் மேசையை நகர்த்திவிட்டார்கள் என்று பேரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறானே, அதுவா? சின்னப் பேரனைப் புல்மேட்டுக்குக் கூட்டிப்போய், நீ டாக்டர் ஆகும்போது நான் இருப்பேனா என்று தோமி கேட்கிறார், அவன் பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறானே, அதுவா? அந்த இடத்தை யாராவது உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் அதற்குத் தகுந்தவர் உங்கள் அம்மாதான். ஜப்பானிய மொழி உங்களுக்கும் தெரியாது. கீழே ஓடிய எழுத்தைப் படித்துத்தான் அழுதீர்கள். அதையே கொஞ்சம் வாய்விட்டுத் தமிழில் சொல்லியிருந்தால் அம்மாவுக்கும் அந்தப் படம் கிடைத்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகள் அனுப்பிவைத்த அடாமி என்ற ஊரில், கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் தோமி, எழுந்திருக்கும்போது ஒரு கணம் தலைசுற்றித் தடுமாறுகிறார். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். ‘அந்த ஒரு தடுமாற்றத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது’ என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு. அதே இரவில், நான்கடி தூரத்தில், உங்கள் அம்மா எழுந்து உள்ளே போனார். எப்படி எழுந்தார்? நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டா? முழங்காலில் கை ஊன்றியா? தூக்கம் வந்து போனாரா, நீங்கள் சொன்னதைக் கேட்டுப் போனாரா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஷிகேயை மன்னிக்க முடியவில்லை என்கிறீர்கள். சரி, அவள் அப்படி என்ன செய்துவிட்டாள்? அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. புருஷன் விலை கூடிய கேக் வாங்கிவந்தால், அவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்கிறாள். கடைக்கு வந்த பெண் இவர்கள் யார் என்று கேட்டால், ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். அடாமி விடுதிக்கு அனுப்பிவைத்த அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டால், இன்றைக்கு ராத்திரி என் வீட்டில் கூட்டம் இருக்கிறதே என்கிறாள். எல்லாம் ஒரு வரிப் பேச்சு. போகிற போக்கில், கை வேலையை விடாமல் சொல்வது. நீங்கள் சொன்னதும் அப்படிப்பட்ட ஒரு வரிதான். திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சொன்னீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அழுவது மென்மையான மனதின் அடையாளம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எனக்கு எழுதிவிட்டார்கள், எல்லோருக்கும் ‘ஆமாம்’ என்ற பதில்தான் வேண்டும். அம்மா பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் அந்த வீட்டில் முதலில் உடைந்து அழுபவள் யார்? ஷிகே. அது பொய்யழுகையும் இல்லை. உண்மையாகவே அழுகிறாள், அப்புறம் சடங்கு முடிந்து சாப்பிடும்போது அம்மாவின் கிமோனோவைத் தனக்குக் கேட்கிறாள். இரண்டும் ஒரே பெண்தான் என்று ஓசு காட்டுகிறார். நோரிகோவின் மேல் நமக்கு வரும் மரியாதைக்கு அவள் லீவு போட்டதும், தன் சின்ன வீட்டில் மாமியாரைப் படுக்கவைத்துத் தோளைப் பிடித்துவிட்டதும்தான் காரணம். கடைசியில் அவளே மாமனாரிடம், நீங்கள் நினைப்பது போல் நான் நல்லவள் இல்லை, உங்கள் மகனை நினைக்காமல் கழிகிற நாட்கள் இருக்கின்றன என்று சொல்லி அழுகிறாள். நீங்களோ நல்லவர் என்று என்னிடம் எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் மனைவி சொன்னது சரி. அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ உங்களுக்கு உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1979-ல் வந்த படம். நீங்கள் பிறக்கவே இல்லை, அம்மாவுக்கு 25 வயது இருக்கும். அவர் அதைத் தியேட்டரில் பார்த்தாரா? ஆற்றங்கரையில் அந்தக் குழந்தைகள் நிற்பதைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியது? ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

என் அம்மா படித்தது நாலாங்கிளாஸ். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்த கதையை மறுநாள் கிணற்றடியில் சொல்வார். நாங்கள் எல்லோரும் சபிக்கிற கொடுமைக்கார மாமியாரைப் பற்றி, ‘அவளுக்குந்தான் யாரு இருக்கா, சொல்லு’ என்பார். நோரிகோவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறாள். ஷிகே மேல் கோபப்படும் கடைசித் தங்கை கியோகோவிடம், அந்த வயதில் எல்லோருக்கும் அவரவர் வாழ்க்கை முன்னே வந்துவிடும் என்கிறாள். எங்கோ டோக்கியோவில் ஓசு எடுத்த படத்துக்குள் நுழைய என் அம்மாவுக்குப் பட்டப்படிப்பு வேண்டியிருந்திருக்காது. எனக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு வந்தபோது அவர் இல்லை.

பெற்றவர்களுக்கு வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நமக்கு எது உயிரோ அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. உங்கள் வீட்டில் அது சினிமா. அந்தப் பங்கை அம்மாவுக்குக் கொடுக்காமல் இத்தனை வருடம் ஹெட்போனுக்குள் வைத்திருக்கிறீர்கள். குடும்பத்துக்குச் சினிமாவைப் புரியவைப்பது எப்படி என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே படத்தைப் போடுங்கள். 2 மணி 16 நிமிடம். ஒரே மூச்சில் உட்கார அம்மாவின் இடுப்பு விடாது, இரண்டு நாளாகப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். கேமரா ஏன் தரையோடு தரையாக இருக்கிறது என்று பாடம் எடுக்க வேண்டாம். பாயில் உட்கார்ந்தே வளர்ந்தவருக்கு அந்த உயரம் தெரியும். அழுகிறாரா என்று முகத்தைப் பார்க்காதீர்கள். கண்ணசந்தால் நிறுத்திவிடுங்கள், மறுநாள் அங்கிருந்து தொடரலாம். ஷிகேயைப் பார்த்து ‘பாவம், அவளுக்கும் பொழப்பு இருக்குல்ல’ என்று சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். அன்றைக்கு நோட்டில் உங்கள் கருத்து எதுவும் வேண்டாம், அம்மா சொன்னதை மட்டும் அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். நடுவில் டீ வேண்டும் என்றால் நீங்கள் போய்ப் போடுங்கள், மனைவியைக் கூப்பிடாதீர்கள். அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். ‘அன்னிக்குக் கேட்டியேம்மா, அந்தப் படம், வா பாக்கலாம்’ என்றால் போதும். முதல் தடவை ‘எனக்கு எதுக்குடா’ என்பார். இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.