மேல் ஸட்ஜத்தைத் தொடாத பாட்டு

கேள்வி: எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. இரவில் தறியை நிறுத்திய பிறகு என் மகள் கைப்பேசியில் ஒரு கொரியப் பாட்டை வைப்பாள். சூஸி, பேக்யுன் என்ற இருவர் பாடிய ‘ட்ரீம்’ என்கிறாள். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் நெஞ்சைப் பிசைகிறது. அது சோகப் பாட்டா? – வாசகி, சோமனூர்.

பதில்: இல்லை, அம்மா. 2016 ஜனவரியில் வெளிவந்த அந்த டூயட், காதல் வயப்படும் இருவரின் பூரிப்பைச் சொல்வது. ஆனாலும் உங்கள் காது தவறாகக் கேட்கவில்லை. சோல் இசையின் சாயல் கொண்ட இந்த வகைப் பாட்டில் ஏக்கம் சொல்லில் இல்லை, சுரத்தில் இருக்கிறது.

சோல் இசையின் மென்மையான பாடல்களில் ஸட்ஜம் (ச), அந்தர காந்தாரம் (க), பஞ்சமம் (ப) ஆகிய சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் காகலி நிஷாதத்தையும் (நி) கூட்டிக்கொள்வது வழக்கம். மேல் ஸட்ஜத்துக்கு அரைச் சுரம் கீழே நின்று ஏறத் துடிக்கும் அந்த நிஷாதத்தை, ஏறவிடாமல் மற்றச் சுரங்களின் மடியிலேயே இருத்திவிடுகிறார்கள். கைக்கு எட்டியும் எட்டாத அந்த நிலைதான் உங்களைப் பிசைகிறது. இவற்றோடு சதுஸ்ருதி ரிஷபமும் (ரி) சேர்ந்தால் நம் ஹம்ஸத்வனி ராகத்தின் ஐந்து சுரங்களும் வந்துவிடும். கச்சேரித் தொடக்கத்தில் அத்தனை விறுவிறுப்பாக ஒலிக்கும் அவை, ஒன்றாகச் சேர்ந்து மெல்ல ஒலிக்கும்போது வேறு முகம் காட்டுவது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஆர்மோனியம் கிடைத்தால் ஐந்து கட்டைகளையும் ஒருசேர அழுத்திக் கேளுங்கள்.

அடுத்தது தாளம். தறியில் நாடா அடிபடும் ஓசை ஒரே கணக்கில் வருவதை நீங்கள் அறிவீர்கள். இவ்வகைப் பாடல்களில் டிரம்மும் பேஸ் கிடாரும் அப்படித்தான் பிசகாமல் செல்லும். குரல் மட்டும் அடி விழுந்து ஒரு கணம் கழித்தே வந்து சேரும். அவசரமே இல்லாதவர் பேசுவது போன்ற அந்தத் தாமதம் பயின்று வருவது. மிஸ் ஏ, எக்ஸோ என்ற ஆட்டமும் பாட்டமுமான குழுக்களில் பாடிப் பழகிய இருவர், இங்கே ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருந்து, குரலை உயர்த்தாமல் மூச்சுக்காற்றும் கேட்கும்படி பாடுகிறார்கள். உச்சத்தில் கத்தி முடிக்கும் டூயட்டுகளைவிட இந்த அடக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: சோல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையாயிற்றே, கொரியாவுக்கு எப்படிப் போனது? – வாசகர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: படை முகாம்களின் வழியாக. 1953-இல் கொரியப் போர் ஓய்ந்த பிறகும் அங்கேயே தங்கிய அமெரிக்க எட்டாவது படையின் கிளப்புகளில் பாடிப் பிழைத்த கொரியக் கலைஞர்கள், வீரர்கள் விரும்பிக் கேட்ட பாடல்களைக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கிடார் வாசித்து வளர்ந்த ஷின் ஜூங்-ஹ்யுன், 1968-இல் பேர்ல் சிஸ்டர்ஸ் என்ற அக்காள் தங்கை இருவரைத் தம் பாடல்களால் புகழ்பெறச் செய்தார். கொரிய மொழியில் சோல் பரவலாக ஒலிக்கத் தொடங்கியபோதே அது இரு குரல்களில்தான் ஒலித்தது.