முதல் பியானோ ரிசைட்டலுக்கு முன் வரும் நடுக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

"வீட்டில் நன்றாக வாசிக்கிறேன், நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் விரல் நடுங்குகிறது, அடுத்த மாதம் முதல் ரிசைட்டல், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒருவர், "ஒழுங்காகப் பிராக்டிஸ் பண்ணியிருந்தால் பயம் ஏன் வருகிறது?" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. என்னுடைய முதல் ரிசைட்டலுக்கு (கற்றுக்கொள்பவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறி வாசித்துக் காட்டும் நிகழ்ச்சி) முந்தின நாள் ஒரு சொந்தக்காரர் இதையே என்னிடம் கேட்டார். எவ்வளவு சுருக்கென்று தைத்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

பெரிய பியானோ கலைஞரான விளாடிமிர் ஹொரோவிட்ஸ் 1953இல் மேடையை விட்டு விலகியவர், 12 வருடம் கச்சேரிப் பக்கமே வரவில்லை. 1965 மே மாதம்தான் நியூயார்க் கார்னகி ஹாலில் திரும்ப உட்கார்ந்தார். அவர் ஒதுங்கியதற்கு மேடைப் பதற்றமும் ஒரு முக்கியக் காரணம். பியானோவுக்கென்றே எழுதிய இசையமைப்பாளர் ஷோப்பானுக்குப் பெரிய கூட்டத்தைக் கண்டாலே ஆகாது, நண்பர்கள் கூடும் சின்ன அறைகளில் வாசிக்கத்தான் பிடிக்கும். இவர்கள் எல்லாம் பிராக்டிஸ் பண்ணாதவர்களா? பயம் வரத்தான் செய்யும். வந்த பிறகும் கை ஓடுகிற மாதிரி தயார் பண்ணிக்கொள்ள முடியும். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே கற்றுக்கொள்கிறவர் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சியில் உங்களுக்கு முன்னும் பின்னும் வாசிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள், என் நிலைமை அதுவாக இருந்தது.

நான் பாளையங்கோட்டைக்காரி, ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தின் மணி கேட்கும் தூரத்தில் வளர்ந்தவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்திருக்கிறேன். பாமாலை, கீர்த்தனை, கேரல், கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாம். கோயில் நிரம்பி வழிந்தாலும் ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. அதனால் சென்னைக்கு வந்து, முப்பதுகளின் கடைசியில் பியானோ வகுப்பில் சேர்ந்து, ரிசைட்டல் பட்டியலில் மிஸ் என் பெயரை எழுதியபோது எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

ஒத்திகை அன்றுதான் வித்தியாசம் புரிந்தது. கோயிலில் சபை பாடும், நான் கூடவே போவேன். ஒரு கார்டு (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) தப்பினால் அத்தனை பேர் குரலும் அதை மூடிவிடும். ரிசைட்டலில் யாரும் பாடுவதில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு என் விரலையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒத்திகையில் இருந்ததே ஏழெட்டுப் பேர்தான், அதற்கே உள்ளங்கை வேர்த்து, விரல் நுனி மட்டும் ஜில்லென்று ஆகிவிட்டது.

அப்படி ஆவதற்குக் காரணம் இருக்கிறது. பதற்றத்தில் அட்ரினலின் சுரந்ததும் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. தோலுக்கும் விரலுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்துப் பெரிய தசைகளுக்கு அனுப்புகிறது. விரல் விறைப்பது அதனால்தான், உங்கள் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நெஞ்சு வேகமாக அடிக்கும்போது சரியான வேகம்கூட மெதுவாகத் தெரியும், அதனால் வீட்டில் வாசிப்பதைவிட விரைவாக ஆரம்பித்துவிடுவோம். உட்கார்ந்ததும் பாட்டின் சிக்கலான இரண்டு பாரை (நோட்ஸில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் தாளக் கட்டங்கள்) மனதுக்குள் பாடிப் பாருங்கள். அது எந்த வேகத்தில் ஓடுமோ அந்த வேகத்தில் ஆரம்பியுங்கள்.

மிஸ் எனக்குக் கொடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய சி மேஜர் பிரெலூட் என்ற சின்ன உருப்படி. 1722இல் அவர் தொகுத்த புத்தகத்தின் முதல் உருப்படி, மொத்தம் 35 பார். கேட்க எளிது. ஏறக்குறைய எல்லாப் பாரிலும் கை ஒரே மாதிரி விரியும், அதே வடிவம் ஒரு பாரில் இரண்டு முறை வரும். ஆபத்தும் அதில்தான். எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் விரல் தானாக ஓடப் பழகிவிடும், நடுவில் அறுந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பதற்றத்தில் முதலில் கைவிடுவது இந்த விரல் ஞாபகம்தான்.

அதனால் மிஸ் பாட்டுக்குள் ஸ்டேஷன் வைத்தார். 11ஆவது பாரில் பாட்டு ஜி மேஜரில் வந்து உட்காரும். 19இல் மறுபடி சி. 24இல் இடது கை கீழே ஜிக்கு இறங்கி எட்டு பார் அங்கேயே நிற்கும். 32இல் அடியில் சி வந்தால் வீடு வந்தாயிற்று. வகுப்பில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே "பத்தொன்பது!" என்பார். விட்ட இடத்தை மறந்து உடனே அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பஸ்ஸில் போகும்போதுகூட, 24இல் எந்த விரல் எந்தக் கட்டையில் என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டது. அவர் போட்ட கட்டளை ஒன்றுதான்: எங்கே அறுந்தாலும் பின்னால் போகக் கூடாது, அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும்.

ரிசைட்டல் அன்று ஏசியை அப்படிப் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து பிளாஸ்கில் வெந்நீர் கொண்டு போயிருந்தேன். அதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கண்டிப்பாகச் செய்யுங்கள். பியானோ கலைஞர் கிளென் கோல்ட் வாசிப்பதற்கு முன் கையை வெந்நீரில் முக்கி வைப்பவர், நாம் டம்ளரைப் பிடிப்பதில் ஒன்றும் கேவலமில்லை. எனக்கு முன்னால் வாசித்த சின்னப் பையன் பிரமாதமாக வாசித்து அரங்கமே கை தட்டியது. அம்மா நெல்லை எக்ஸ்பிரஸில் வந்திருந்தார்கள். பக்கத்தில் வந்து காதோரம், "ஏட்டி, பயப்படாத. நம்ம கோயில்ல வாசிக்க மாதிரி நெனச்சுக்கோ" என்றார்கள். அது எனக்கு உதவாது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு மேடை ஏறினேன்.

பெஞ்சின் இரண்டு பக்கமும் உருளையாகக் குமிழ் இருக்கும். அதைத் திருகி உயரத்தைச் சரி பண்ணினேன். அவசரமே படவில்லை. கைக்குட்டையால் கட்டைகளைத் துடைத்தேன், பெடலைக் காலால் தொட்டுப் பார்த்தேன், மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். அந்த நேரம் முழுக்க உங்களுடையது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூச்சு உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக இருந்தால் நெஞ்சு படபடப்பு இறங்கும்.

முதல் ஸ்டேஷன் தாண்டியது, இரண்டாவதும் தாண்டியது. 22, 23 இரண்டும் கலங்கலான கார்டுகள். இடது கைக்கு ஒன்றில் எஃப் ஷார்ப், அடுத்ததில் ஏ ஃப்ளாட். 22இல் சுத்தமாக வெள்ளைத்தாள் ஆகிவிட்டது மனசு. எந்தக் கட்டை என்று தெரியவில்லை. ஆனால் 24 தெரியும். இடது சுண்டுவிரல் கீழே ஜியில் போய் விழுந்தது, பாட்டு அங்கிருந்து எழுந்து நடந்தது. வாசித்து முடித்து எழுந்து பார்த்தால் அம்மா இரண்டாவது வரிசையில் இன்னும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஒரு பார் போனது மிஸ்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு "தப்பை மூடி மறைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்" என்று யாராவது வருவார்கள். வரட்டும். பாட்டு நிற்காமல் போய்ச் சேர்வதும் வாசிப்பின் ஒரு பகுதிதான், அதையும் பயிற்சி பண்ண வேண்டும் என்கிறேன்.

நடுவில் ஒரு ஆற்றாமையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அரங்குகளில் இருக்கும் பியானோக்களை என்ன பாடுபடுத்துகிறோம்! ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கும் மேல் கம்பிகள், அத்தனையும் சேர்ந்து டன் கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பும், ஏசி போட்டால் சுருங்கும். சுருதி நிற்க வேண்டுமென்றால் வருடத்தில் இரண்டு தடவையாவது ஆள் வந்து பார்க்க வேண்டும். நான் பிறகு ஒருமுறை வாசித்த இடத்தில் பியானோவின் மேல் வெல்வெட் துணி போர்த்தி, அதன்மேல் தண்ணீரோடு பூச்சாடி வைத்திருந்தார்கள். நடு சிக்குப் பக்கத்தில் ஒரு கட்டை அமுங்கினால் எழும்பவே இல்லை. கேட்டதற்கு, "யாரும் இதை வாசிக்கிறதில்லைங்க மேடம்" என்றார்கள். கேக் வெட்டுவதற்கு வாடகை வாங்கத் தெரிகிறவர்களுக்கு ட்யூனரைக் கூப்பிடத் தெரியாதா? வீட்டில் டிஜிட்டல் பியானோவில் பழகிவிட்டுப் போகும் பிள்ளைகள் இதில் திணறினால், பிள்ளைக்குத்தான் தைரியம் இல்லை என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அரங்கின் பியானோவை ஒரு முறையாவது முன்கூட்டியே தொட்டுவிடக் கேளுங்கள். நல்ல பியானோவில் ஒரு கட்டை இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும், ஸ்பிரிங் வைத்த சாதா கீபோர்டில் பழகிய விரலுக்கு அது வேறு உலகம். அன்றைக்கு உடுத்தப்போகும் உடையிலேயே வீட்டில் வாசித்துப் பாருங்கள். புடவை என்றால் முந்தானை இடது கையில் வந்து விழாமல் பின் குத்த வேண்டும். செருப்போடு பெடல் மிதிக்கப்போகிறீர்களா, வெறுங்காலா என்பதையும் அப்போதே முடிவு பண்ணுங்கள். மாடிப்படி ஏறி இறங்கி, நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும்போதே உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசியுங்கள். நடுக்கத்தோடு வாசிப்பதற்கு அதைவிடச் சுலபமான ஒத்திகை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் சிநேகிதி, யார் கிடைத்தாலும் உட்கார வைத்து வாசியுங்கள். அன்று மட்டும் ஃபில்டர் காபி வேண்டாம். படபடப்பை அது இன்னும் கூட்டும்.

"அமைதியாக இரு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். அடிக்கிற நெஞ்சை அடக்குவதைவிட, வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது எளிது.

நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை பற்றி யாராவது சொல்வார்கள். ப்ரோப்ரனலாலை வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மருந்து. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்தாகிவிடும். சிநேகிதரின் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. நோட்ஸ் பார்க்காமல் வாசித்தே ஆக வேண்டுமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். மனப்பாடமாக வாசிப்பது 19ஆம் நூற்றாண்டில் லிஸ்ட், கிளாரா ஷூமான் என்ற பியானோ கலைஞர்களின் காலத்தில் பரவிய வழக்கம்தான். இன்னொரு பெரிய பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் தன் கடைசி வருடங்களில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில் நோட்ஸைப் பார்த்துத்தான் வாசித்தார். பரீட்சையில் வேறு விதி இருக்கலாம், ரிசைட்டலில் பெரும்பாலும் டீச்சர் முடிவுதான்.

எந்த உருப்படி வாசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெயரையும் எத்தனை பார் என்பதையும் எழுதுங்கள். நான் வாசித்ததாக இருந்தால் எங்கெங்கே ஸ்டேஷன் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.